துபாய் நம்பர் காரை ஏற்காட்டு வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா?

அஸ்தம்பட்டி அத்தான்:

வணக்கம். வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான். முடிவு தெரியாமல் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

என் மனைவியின் அண்ணன் துபாயில் 16 வருடமாக இருக்கிறார். அடுத்த வருடம் மொத்தமாகக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியாயிற்று. கொத்தனாரை நிற்கவைத்து, போர்ட்டிகோவைத் தன் காருக்கு அளவெடுத்துப் போட்டவர் அவர். கார் 2019 பிராடோ. கடன் முடிந்துவிட்டது, விற்க மனசில்லை.

"கேரளாவில் துபாய் நம்பரோடு எத்தனை வண்டி ஓடுகிறது, நமக்கு மட்டும் என்ன?" என்கிறார். கொச்சிக்குக் கப்பலில் போட்டு, அங்கிருந்து ஓட்டிக்கொண்டே மலையேறிவிடலாம் என்பது திட்டம். எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம், என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும்? ஏற்காட்டில் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பது அவருடைய கடைசி அஸ்திரம். பயம் எனக்குத்தான். அவர் ஊரில் இல்லாத நாட்களில் ஓட்டப்போவது நான்.


நாலுரோட்டான்:

அடிவாரம் செக்போஸ்ட்டிலேயே கேட்பார்கள். அரபி எழுத்து நம்பர் பிளேட்டோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால், வளைவுக்கு நாலு பேர் வண்டி முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். ஒளித்து வைக்கிற வண்டியா அது?


நாகலூர் காபி:

அண்ணே, நான் அதே நாகலூர் பாதையில் இரண்டு அறை விட்டு வாடகைக்கு நடத்துகிறேன். காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. போன வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு கணவன் மனைவி, வீடு மாதிரி கட்டிய ஒரு வேனை ஓட்டிக்கொண்டே வந்து என்னிடம் 9 நாள் தங்கினார்கள். பெரிய வண்டி. அடிவாரம் வழியாக வளைவுகளில் திருப்ப முடியாது என்று யாரோ சொல்லி, குப்பனூர் பக்கமாகச் சுற்றி ஏறி வந்திருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வாங்கும்போது, அந்த அம்மா கூடவே ஒரு நீளமான புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். வண்டிக்குப் பாஸ்போர்ட் என்றார். அதுதான் கார்னெட். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டாகப் பிரிகிற மாதிரி ஓட்டை போட்டிருக்கிறது. நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்கிறார். வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு புத்தகத்திலேயே தங்கும், அதில் உள்ளே வந்த முத்திரையும் வெளியே போன முத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் விழ வேண்டும். இந்தியா என்று எழுதிய தாளில் ஒரு முத்திரை இருந்தது, பக்கத்துக் கட்டம் காலி. அந்த மனுஷன் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். "இது நிரம்பாவிட்டால் வண்டியின் விலையைவிட அதிகமாக என் வங்கிக் கணக்கிலிருந்து போகும்" என்று.

மழை பெய்தாலும் அந்தப் புத்தகத்தை மட்டும் வேனுக்குள் விடாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். நம் வீட்டுப் பத்திரம் மாதிரி.


ஓமலூர் டூ துறைமுகம்:

மேலே நண்பர் பார்த்தது சரி. துறைமுகத்தில் கிளியரிங் வேலையில் 14 வருடம் இருந்தவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அத்தான், உங்கள் மச்சானிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

கேரளாவில் பார்க்கிற வளைகுடா நம்பர் வண்டிகள் பெரும்பாலும் கார்னெட்டில் வருபவை. வெளிநாட்டில் குடியிருப்பவர், வெளிநாட்டில் பதிவான தன் வண்டியைத் தீர்வை கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போக அது அனுமதி. வண்டி பதிவான நாட்டின் ஆட்டோமொபைல் கிளப்தான் தரும். புத்தகத்தின் ஆயுள் ஒரு வருடம். ஆனால் இந்தியாவில் வண்டி தங்குவதற்குப் பொதுவாகக் கொடுப்பது 6 மாதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, புத்தகத்தில் தேதி இருக்கிறதே என்று நிறுத்தி வைத்து மாட்டிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கிளப் சும்மா தராது. வங்கி உத்தரவாதமோ வைப்புத் தொகையோ கேட்கும். நீங்கள் போகிற நாடுகளில் எங்கே இறக்குமதித் தீர்வை அதிகமோ அதை வைத்துத்தான் அந்தத் தொகை. நம் நாடு அந்தப் பட்டியலில் மேலே இருக்கிறது, அதனால் தொகை கண்ணைக் கட்டும். வண்டி வெளியேறியதற்கு முத்திரை இல்லையென்றால் சுங்கத் துறை கிளப்பிடம் கேட்கும், கிளப் உங்கள் உத்தரவாதத்தில் கை வைக்கும்.

இதற்கு மேல் கப்பல் கட்டணம், இரண்டு வழிக்கும். துறைமுகக் கட்டணம், ஏஜென்ட் கூலி, இங்கே செல்லுபடியாகும் காப்பீடு. காகிதம் தாமதமானால் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும். வீடு தேடி வருவோம் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் எங்கள் ஊர்க்காரர் ஒருவரை 19 நாள் அலையவிட்டார். கடைசியில் அந்த வாடகை கப்பல் கட்டணத்தையே நெருங்கிவிட்டது.

2022-ல் வெளிநாட்டு வண்டிகளுக்கென்றே மத்திய அரசு தனி விதி போட்டது. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் அல்லது சர்வதேச ஓட்டுநர் அனுமதி, காப்பீடு, புகைச் சான்று நாலும் வண்டியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத காகிதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். உள்ளூர் ஆட்களையோ சரக்கையோ ஏற்றி ஓட்டக் கூடாது.

இப்போது முக்கியமான இடம். இதெல்லாம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கு. உங்கள் மச்சான் விசாவை ரத்து செய்துவிட்டு மொத்தமாக வருகிறார். அவர் எங்கே திரும்பிப் போகப்போகிறார்? துபாய் நம்பர் என்பதால் வண்டி விருந்தாளி ஆகிவிடாது. ஓட்டுகிறவர் விருந்தாளியா, வீட்டுக்காரரா என்பதுதான் கேள்வி. அவர் நாகலூரில் வீட்டுவரி கட்டுகிறவர்.

நீங்கள் ஓட்டுவது பற்றி: கார்னெட் வண்டியின் சாவியை உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிற வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது.


தட்டுவடை செட்:

அப்போ போர்ட்டிகோவில் பூந்தொட்டி வைக்கலாம்.


அஸ்தம்பட்டி அத்தான்:

படித்துக் காட்டினேன். மூஞ்சி தொங்கிப் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து அடுத்த கேள்வி: "சரி, தீர்வை கட்டியே கொண்டுவருகிறேன். மொத்தமாகத் திரும்பி வருகிறவர்களுக்குச் சாமான் சலுகை இருக்கிறதே, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் கொண்டுவருகிறார்களே, அதில் சேர்க்க முடியாதா?"


ஓமலூர் டூ துறைமுகம்:

முடியாது. 1962 சுங்கச் சட்டத்தில் பேகேஜ் என்பதற்கான விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் அதில் அடங்காது என்று எழுதியிருக்கிறது. டிவி வேறு, பிராடோ வேறு.

பழைய காரை முறைப்படி இறக்குமதி செய்ய: தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் வர வேண்டும். இன்னும் குறைந்தது 5 வருடம் ஓடத் தகுதியானது என்று அங்கேயே சான்று வாங்க வேண்டும், இங்கே வந்தபிறகு மறுபடி சோதனை.

2019 வண்டி, துபாய் வண்டி. வயதிலும் அடிபட்டது, ஸ்டீயரிங்கிலும் அடிபட்டது. இடது ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அப்படியே எல்லாம் பொருந்தினாலும் காசு? பழைய காருக்கு அடிப்படைத் தீர்வை பல வருடங்கள் 125 விழுக்காடாக இருந்தது. 10 லட்சம் மதிப்பு என்றால் அதற்கே 12.5 லட்சம். அதன்மேல் கூடுதல் வரி. இவ்வளவையும் கூட்டி வருகிற தொகையின் மேல் ஜிஎஸ்டி. பெயர்களும் பங்குகளும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கடைசியில் கையை விட்டுப் போகிற தொகை பெரிதாகக் குறைந்ததில்லை. அப்புறம் நம் ஊர் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 விழுக்காடு. இறக்குமதி வண்டி என்றால் தீர்வையும் சேர்ந்த விலைதான் கணக்கு.

இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றுக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து ஒரு நடிகர் போட்ட வழக்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்று ஞாபகம் இருக்கும். அந்த நுழைவு வரி ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது.


நாலுரோட்டான்:

2025 செப்டம்பரில்தானே கேரளாவில் சுங்கத் துறை வீடு வீடாகப் புகுந்தது? நும்கோர் என்று பெயர் வைத்தார்கள், பூடான் மொழியில் வண்டி என்று அர்த்தமாம். பூடானில் பழையதாக வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவந்து, ஏதோ ஒரு மாநிலத்தில் போலிக் காகிதத்தில் பதிந்து விற்றதாகச் சந்தேகப்பட்ட வண்டிகள். பழைய பிராடோ, பழைய லேண்ட் க்ரூஸர் என்று மலிவாக யாராவது காட்டினால் இந்த வருடம் ஒதுங்கியே இருப்பது நல்லது. மச்சானுக்கு அந்த ஆசையும் வந்துவிடப் போகிறது, முன்கூட்டியே சொல்கிறேன்.


ஓசூர் பாதை:

வெளிநாட்டு நம்பர் வரைக்கும் போவானேன், நான் பெங்களூர் நம்பருக்கே பட்டேன். 2019-ல் அங்கே வாங்கிய கார். 2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்றதும் சூரமங்கலத்துக்கு வந்துவிட்டேன், கார் கேஏ நம்பரிலேயே வாசலில் நின்றது. மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவு: வேறு மாநிலத்தில் பதிவான வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 49-ம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது, குடிமாறினால் 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் கொள்ளவில்லை.

ஒருநாள் ஓமலூர் ரோட்டில் நிறுத்தினார்கள். "வாராவாரம் போய் வருகிறேன் சார்" என்றேன். அந்த அதிகாரி சத்தம் போடவில்லை, மரியாதையாக, "ஃபாஸ்டேக் ஆப்பைக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். கிருஷ்ணகிரி டோலைக் கடைசியாகத் தாண்டியது 14 மாதத்துக்கு முன்னால். அவர் திரையை என் பக்கமே திருப்பிக் காட்டினார் பாருங்கள், அந்த நிமிடத்தில் எனக்கு வாயே வரவில்லை.

அப்புறம் நடந்தது: பெங்களூர் ஆர்டிஓவில் படிவம் 28, தடையில்லாச் சான்று. கடன் கொடுத்த வங்கியிலும் ஒரு சான்று. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். மெக்கானிக் ஷெட்டில் குப்புறப் படுத்து நானே எடுத்தேன், முதல் மூன்று தாள் கிழிந்துபோனது. அப்புறம் சேலத்தில் படிவம் 27, ஆயுள் வரி. வண்டிக்கு வயது ஏற ஏற வரி குறையும், புது வண்டி அளவுக்கு வராது. இருந்தாலும் ஒரே வண்டிக்கு இரண்டாம் முறை கட்டுகிறோமே என்று வயிறு எரியும். கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்கலாம். கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வரியை மிச்சம் பிடிக்கப் பாண்டிச்சேரி முகவரியில் பதிகிறவர்களுக்கும் இதே பிரிவுதான். 40-ம் பிரிவின்படி வண்டி வழக்கமாக நிற்கிற மாநிலத்தில்தான் பதிய வேண்டும்.


ஜொகூர் சேலத்தான்:

அம்மாப்பேட்டையில் பிறந்தவன், 11 வருடமாக ஜொகூர் பாருவில். இந்தக் கதை எங்களுக்குத் தினசரிச் சோறு, பாலம் தாண்டினால் வேறு நாடு.

என்னிடம் இருப்பது மலேசிய நம்பர் மைவி. சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்க வேண்டும். வார நாளில் உள்ளே ஓடினால் நாளுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி. வருடத்துக்கு 10 நாள் இலவசம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைக்கும், வார நாளில் மாலை 5 முதல் இரவு 2 வரைக்கும் அந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் நுழைவுக்கு ஒருமுறை 6.40 வெள்ளி சாலைக் கட்டணம் என்றைக்கும் உண்டு, டோல் தனி. அதனால் நான் லிட்டில் இந்தியா போவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

அத்தான் கேட்டதற்கு ஒத்த விஷயம் இது: சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டு நம்பர் வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டக் கூடாது. நீண்ட கால பாஸில் அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் அப்படித்தான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அங்கே நிரந்தரவாசி. "நீ களைத்திருக்கிறாய், உட்லண்ட்ஸிலிருந்து நான் ஓட்டுகிறேன்" என்று ஒருநாள் சாவிக்குக் கை நீட்டினார். நல்ல எண்ணம்தான். கொடுத்திருந்தால் அபராதத்தோடு போகாது, வண்டியே போகிற அளவுக்குச் சட்டம் இருக்கிறது. காரணம் எளிது. அங்கே கார் வாங்கும் உரிமைச் சீட்டே, அதுவும் 10 வருடத்துக்கு, 2025-ல் பல ஏலங்களில் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. பக்கத்து நாட்டு மலிவு வண்டியை ஊர்க்காரர்கள் ஓட்டலாம் என்று விட்டால் அந்தச் சீட்டை யார் வாங்குவார்கள்?

இந்தப் பக்கமும் சும்மா இல்லை. சிங்கப்பூர் வண்டிகள் மலேசியாவுக்குள் வர இங்கேயும் அனுமதிப் பட்டை ஒட்ட வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக் கூடாது, ரான் 97தான். சிங்கப்பூர் வண்டி அங்கிருந்து கிளம்பும்போதே முக்கால் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும் என்று வேறு விதி. பாலத்துக்கு முன்னால் எட்டிப் பார்ப்பது பெட்ரோல் முள்ளைத்தான்!


தட்டுவடை செட்:

முக்கால் டேங்க் நிரப்பிக்கொண்டு பெட்ரோல் வாங்கப் போகிறார்கள். நல்லாயிருக்கு.


கன்னங்குறிச்சி டீச்சர்:

எல்லா இடத்திலும் இப்படி முரட்டுத்தனமாக இருக்கும் என்று மிரள வேண்டாம். என் மகள் போலந்தில் வேலை பார்த்தாள், அங்கே ஒரு சின்ன ஸ்கோடா வாங்கினாள். பிறகு நெதர்லாந்தில் வேலை கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால் 12 மாதத்தில் 6 மாதம் வரை பழைய நம்பரிலேயே ஓட்டலாம். படிப்புக்காக மட்டும் போகிற மாணவருக்குப் படிப்பு முடியும் வரை கூட விடுவார்கள். ஆனால் இவள் வேலைக்குப் போனவள், அங்கேயே குடியேறுகிறவள். அதனால் உடனே பதியச் சொன்னார்கள்.

அங்கே பதிவின்போது கட்டும் கார் வரி அதிகம். ஆனால் குடிபெயர்வதற்கு முன் 6 மாதமாவது அந்த வண்டி அவள் பெயரில் இருந்து ஓட்டியிருந்தால் அந்த வரி விலக்கு. பதிலுக்கு ஒரு வருடம் விற்கக் கூடாது. அவள் செய்த புத்திசாலித்தனம், வண்டி வாங்கிய ரசீதிலிருந்து சர்வீஸ் பில் வரை ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான். சோதனைக்கு நாள் வாங்கிக் கொண்டுபோய் நிறுத்தினாள், காகிதங்களைச் சரிபார்த்துப் புது நம்பர் கொடுத்துவிட்டார்கள். நான் இங்கே இருந்துகொண்டு தினம் போன் போட்டு அவளைப் படுத்தினேன் என்பது வேறு கதை.


அஸ்தம்பட்டி அத்தான்:

டீச்சர், அந்த விலக்கைப் படித்ததும் மச்சான் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் ஊரில் அப்படி இல்லை என்று சொல்லி மறுபடி உட்கார வைத்தேன். ஓமலூர் அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். விசா ரத்து செய்வதற்கு முன்னால், இன்னும் துபாய்க்காரராக இருக்கும்போதே, ஒருமுறை கார்னெட்டில் கொண்டுவந்து ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோகலாமா? "ஒரே ஒரு தடவை அந்த 20 வளைவையும் அதில் ஏறிப் பார்க்க வேண்டும்" என்கிறார்.


ஓமலூர் டூ துறைமுகம்:

அது சரியான வழி. இடது ஸ்டீயரிங் வண்டியைக் கார்னெட்டில் தற்காலிகமாக ஓட்டத் தடையில்லை. கை நீட்டிச் சைகை காட்ட முடியாது என்பதால் இண்டிகேட்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், அது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள். போகவர இரண்டு கப்பல் கட்டணம், இரண்டு பக்கத் துறைமுகச் செலவு, கார்னெட் கட்டணம், முடங்கிக் கிடக்கிற உத்தரவாதத் தொகை. அவருக்கு எத்தனை நாள் லீவு?


அஸ்தம்பட்டி அத்தான்:

22 நாள். அதில் கொச்சியில் எத்தனை நாள் நிற்கும் என்று நீங்கள் சொன்னது வேறு அவர் மனசில் ஓடுகிறது.

நேற்று ராத்திரி போன் செய்தார். துபாயிலேயே விற்கிறாராம், விலை பேசியாயிற்று. இங்கே வந்து ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ளலாம், டிஎன் 30 நம்பரே போதும் என்றார். வைக்கும்போது மட்டும், "அந்தப் போர்ட்டிகோவை அவ்வளவு அகலமாகப் போட்டது தப்பாகிவிட்டதே" என்றார்.


நாகலூர் காபி:

அண்ணே, அகலம் வீண் போகாது. காபி காயப்போடத் தளம் இல்லாமல் அல்லாடுகிறோம், டிசம்பரில் எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்த ஜெர்மன்காரர்கள் சுனௌலி வழியாக நேபாளம் போய்ச் சேர்ந்தார்கள். எல்லை தாண்டிய அன்றைக்கே ஒரு படம் அனுப்பினார்கள். மலை, கோயில் எதுவும் இல்லை. அந்தக் காலிக் கட்டமும் அதில் விழுந்த முத்திரையும் மட்டும்.